பயிர் நிவாரணம்: பட்டா ஒருவர் பெயரில்... நஷ்டம் யாருக்கு?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், விழுப்புரம், கடலூர் மாவட்ட வயல்களை ஏரியாக்கிவிட்டுப் போனது. அதற்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம்: நெல் உள்ளிட்ட இறவைப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாய். நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் 6,900 ரூபாய்கூட வராது.

அதுவும் 33 சதவிகிதத்துக்குக் குறையாமல் பயிர் பாதித்திருந்தால்தான். 2015-க்கு முன்பு இந்த வரம்பு 50 சதவிகிதம். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வயலில் கணக்கெடுத்த பிறகே வங்கிக் கணக்குக்குப் பணம் வரும்.

சிக்கல் இங்கேதான். குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. பட்டாவோ நில உரிமையாளர் பெயரில். அடங்கலில் தன் பெயர் ஏறாவிட்டால், கடன் வாங்கி விதைத்த குத்தகை விவசாயிக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல் போகலாம்.

எனவே, நடவு முடிந்ததுமே வி.ஏ.ஓ-விடம் அடங்கலைச் சரிபார்ப்பது நல்லது. பயிர்க் காப்பீடு வேறு, நிவாரணம் வேறு. சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்யப்படும் தொகையில் 1.5 சதவிகிதம்தான் விவசாயி கட்டும் பிரீமியம். அதையும் கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள்!