முதல் முறை நிகழ்வது போல: வில்லியம் கில்லெட்டின் நடிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாடக மேடை உரத்த குரலையும் அகன்ற கையசைவையும் பெரிதும் நம்பியிருந்தபோது, அடக்கமான பேச்சாலும் சிறு செயல்களாலும் அரங்கைக் கட்டிப்போட முடியும் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் வில்லியம் கில்லெட். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டு நகரில் 1853இல் பிறந்த இவர், அதே பகுதியில் வாழ்ந்த எழுத்தாளர் மார்க் ட்வைனின் ஆதரவுடன் மேடையேறி, பின்னர் தமக்கான நாடகங்களைத் தாமே எழுதி நடித்தார். குதிரைக் குளம்பொலியை மேடையில் எழுப்பும் முறை ஒன்றுக்கு இவர் காப்புரிமையும் பெற்றிருந்தார். காட்சி மெய்யெனத் தோன்ற வேண்டும் என்பதில் அவ்வளவு அக்கறை.

ஆர்தர் கோனன் டாயிலின் துப்பறிவாளரை வைத்து கில்லெட் எழுதிய 'ஷெர்லாக் ஹோம்ஸ்' நாடகம், 1899 நவம்பரில் நியூயார்க்கின் கேரிக் அரங்கில் அரங்கேறியது. அதில் கயவர்கள் ஹோம்ஸை ஓர் அறையில் வளைத்துக்கொள்ள, அவர் விளக்கை அடித்து நொறுக்குகிறார். மேடை முழுவதும் இருள, அவருடைய சுருட்டின் கனல் மட்டும் தெரிகிறது. அதைக் குறிவைத்துப் பகைவர்கள் பாய்கின்றனர், ஆனால் சுருட்டைச் சன்னலில் செருகி வைத்துவிட்டு அவரோ கதவருகே போய்விட்டிருக்கிறார். வசனத்தால் அல்லாமல் ஒரு தீப்பொறியால் கதையை நகர்த்தும் இத்தகைய உத்தியில்தான் கில்லெட்டின் மேதைமை வெளிப்பட்டது. ஹோம்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் வளைந்த புகைக்குழாய்கூடப் பெரிதும் இவர் மேடையிலிருந்து பரவியதே. 1905இல் லண்டனில் இவருடன் ஏவல் சிறுவனாக நடித்த பதின்பருவத்தினர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சார்லி சாப்ளின்.

கில்லெட் சுமார் 1,300 முறை ஏற்ற ஹோம்ஸ் வேடம் எப்படிச் சலிக்காதிருந்தது என்பதற்கு விடை, 1913இல் இவர் ஆற்றிய உரையில் உள்ளது: அடுத்த சொல்லை நடிகர் மனப்பாடமாக அறிந்திருந்தாலும், பாத்திரம் அதை அறியாது, எனவே ஒவ்வொரு சொல்லும் அப்போதுதான் மனத்தில் உதித்ததுபோல் தயங்கியும் தேடியும் வர வேண்டும். நடிப்பைப் பற்றி இதைவிடப் பயனுள்ள அறிவுரை அரிது.

1916இல் எஸ்ஸனே நிறுவனம் இந்த நாடகத்தை மௌனப் படமாக, அதாவது ஒலியின்றி எழுத்து அட்டைகளால் உரையாடலை உணர்த்தும் படமாக எடுத்தது. அதன் பிரதிகள் அனைத்தும் அழிந்தன என்றே பல்லாண்டுகள் கருதப்பட்ட நிலையில், 2014இல் பாரிஸின் சினிமாத்தெக் பிரான்செஸ் காப்பகத்தில் பிரெஞ்சு எழுத்துகளுடன் கூடிய படச்சுருள் அடையாளம் காணப்பட்டு, மறு ஆண்டு செப்பனிட்டுத் திரையிடப்பட்டது. அறுபதைக் கடந்த கில்லெட் அதில் கண்களை உருட்டுவதில்லை, கைகளை வீசுவதில்லை. அக்கால மௌனப் படங்கள் பலவற்றில் காணும் மிகையை அவர் அண்டவிடவில்லை. 1937இல் மறைந்த அந்த நடிகரின் மேடைக் கலையை இன்றைய பார்வையாளர் நேரில் எடைபோட உதவும் சான்று, குரலற்ற இந்தப் படமே.