எம்.எஸ்சி நர்சிங்கா, நர்ஸ் பிராக்டிஷனரா? ராஜினாமா கடிதம் எழுதும் முன் நர்ஸ்கள் யோசிக்க வேண்டியவை!

பெரிய காஞ்சிபுரத்தில் நர்சிங் படித்த பெண் இருக்கும் வீடுகள் இன்று அபூர்வமில்லை. அப்பா தறியில், மகள் வார்டில் என்று ஓடும் குடும்பங்களும் இங்கே உண்டு. வேலையில் சேர்ந்து மூன்று, நான்கு வருடங்கள் ஆனதும் இந்தப் பெண்களில் பலருக்கும் ஒரே கேள்வி வருகிறது: "இப்படியே ஸ்டாஃப் நர்ஸாக இருப்பதா, மேலே படிப்பதா?"

வீட்டில் இதைப் பேச ஆரம்பித்தால் கூடவே நான்கு கேள்விகள் வந்து நிற்கும். இரண்டு வருடச் சம்பளம் போனால் சீட்டு யார் கட்டுவது? தம்பி படிப்பு? கல்யாணம்? படித்து முடித்தால் சம்பளம் ஏறுமா? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதற்கான பதில், எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பட்டத்தின் பெயர் பெரியதா என்று பார்ப்பதைவிட, படித்து முடித்த பிறகு எங்கே நின்று வேலை செய்யப் போகிறோம் என்று பார்ப்பதுதான் சரி. வகுப்பறையிலா, நோயாளியின் கட்டிலருகிலா, வெளிநாட்டிலா?

எம்.எஸ்சி நர்சிங்: வகுப்பறைக்குப் போகும் வழி

பி.எஸ்சி முடித்தவர்களுக்கு முதலில் தெரியவரும் படிப்பு இதுதான். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 70 கி.மீ தூரத்தில் இருக்கும் வேலூர் சி.எம்.சி-யில் 1909-லேயே நர்ஸ்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார் டாக்டர் ஐடா ஸ்கடர். 1946-ல் இந்தியாவில் நர்சிங் முதன்முதலாகப் பட்டப்படிப்பானபோது, அதைத் தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று வேலூர், மற்றொன்று டெல்லி. அந்தப் பட்டத்தின் அடுத்த படிதான் எம்.எஸ்சி.

இது இரண்டு வருடப் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ஐந்து பிரிவுகள் இருக்கின்றன: மெடிக்கல் சர்ஜிக்கல், சமூக நலம், குழந்தைகள் நலம், மகப்பேறு மற்றும் பெண்கள் நலம், மனநலம். மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் இதயம், நரம்பியல், புற்றுநோய், சிறுநீரகம், தீவிர சிகிச்சை என்று உட்பிரிவுகளும் உண்டு.

பி.எஸ்சி-யில் மொத்தமாக 55 சதவிகித மதிப்பெண், மாநில கவுன்சிலில் பதிவு, பி.எஸ்சி முடித்த பிறகு குறைந்தது ஒரு வருட வேலை அனுபவம் ஆகியவை அடிப்படைத் தகுதி. அரசு இடங்களுக்கான அறிவிப்பை மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு வெளியிடும்.

எம்.எஸ்சி முடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் போய்ச் சேரும் இடம் நர்சிங் கல்லூரிதான். கற்பிக்கும் வேலை, பிறகு பேராசிரியர், பிஹெச்.டி, முதல்வர் என்று போகும் பாதை அது. பகல் நேர வேலை, நைட் டியூட்டி கிடையாது என்பதாலேயே கல்யாணமான பெண்கள் பலர் இதை விரும்புகிறார்கள். அதில் தவறு எதுவும் இல்லை.

ஆனால், "எனக்கு வார்டுதான் பிடிக்கும். நோயாளியைப் பார்க்காமல் இருக்க முடியாது" என்று சொல்கிறவர் எம்.எஸ்சி முடித்துவிட்டு அதே வார்டுக்குத் திரும்பினால், பெரும்பாலும் அதே ஸ்டாஃப் நர்ஸ் வேலைதான் காத்திருக்கும். தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நர்ஸ் பணிக்கு ஆள் எடுக்கும்போது டிப்ளோமா படித்தவரும் பட்டம் படித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான 'நார்செட்' தேர்விலும் அப்படித்தான். பி.எஸ்சி போதும், டிப்ளோமா படித்தவர் என்றால் 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். அங்கே அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். சம்பளம் மட்டும்தான் குறி என்றால், எம்.எஸ்சி-க்குச் செலவழிக்கும் இரண்டு வருடத்தில் இந்தத் தேர்வுக்குத் தயாராவது நல்ல கணக்கு.

நர்ஸ் பிராக்டிஷனர்: கட்டிலருகிலேயே உயரும் வழி

அமெரிக்காவின் கொலராடோவில் 1965-ல் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தைகள் நல மருத்துவரும் சேர்ந்து ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர்கள் எட்டாத இடங்களில் இருக்கும் குழந்தைகளைப் பரிசோதித்து, தேவையானதைத் தானே தீர்மானிக்கும் அளவுக்கு நர்ஸைத் தயார் செய்வதுதான் திட்டம். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயர் அங்கிருந்துதான் உலகமெங்கும் போனது.

இந்தியாவில் இது முதுகலைப் படிப்பாக வந்தது 2016-17 வாக்கில். 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்', சுருக்கமாக என்.பி.சி.சி. இதுவும் இரண்டு வருடம்தான். வித்தியாசம் படிப்பின் அமைப்பில் இருக்கிறது. பாடம் 20 சதவிகிதம், மீதி 80 சதவிகிதம் ஐ.சி.யூ-வில் நேரடிப் பயிற்சி. டாக்டர்களின் ரெசிடென்சி மாதிரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டேதான் படிக்க வேண்டும். பி.எஸ்சி நர்சிங்குடன் ஒரு வருட மருத்துவமனை அனுபவம் தேவை, அது ஐ.சி.யூ அனுபவமாக இருந்தால் நல்லது.

இரவு 2 மணிக்கு ஐ.சி.யூ-வில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாஃப் நர்ஸ் அதைக் கவனித்து, முதலுதவியைத் தொடங்கி, டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவார். அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பார். அந்த இடத்தில் என்.பி.சி.சி முடித்தவர் இருந்தால், அவரே உடலைப் பரிசோதித்து, ரத்த வாயுப் பரிசோதனை அறிக்கையைப் படித்து, வென்டிலேட்டர் அளவை மாற்றி, மருத்துவமனை எழுதி வைத்திருக்கும் நெறிமுறைப்படி மருந்தைத் தொடங்குவார். டாக்டரிடம் சொல்லும்போது, "பி.பி குறைந்திருக்கிறது" என்பதோடு நிற்காமல், ஏன் குறைந்தது, இதுவரை என்ன செய்தாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வார். அதற்காகத்தான் உயர்நிலை மருந்தியல், நோய்க்குறியியல், உடற்பரிசோதனை எல்லாம் பாடத்தில் இருக்கின்றன.

நம் பகுதிக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி, போரூர் ஸ்ரீராமச்சந்திரா ஆகிய இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. இன்னொரு நல்ல செய்தி: வேலையில் இருந்தபடி சேர்பவருக்குச் சம்பளத்தைத் தொடரலாம், மற்றவர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று கவுன்சிலின் வழிகாட்டுதல் சொல்கிறது. எவ்வளவு என்பதை அந்தந்த நிறுவனம்தான் முடிவு செய்யும். அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம்

என்.பி.சி.சி விளம்பரங்களைப் பார்த்து, "படித்து முடித்தால் டாக்டர் மாதிரி மருந்துச் சீட்டு எழுதலாம்" என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. மருந்து தொடங்குவது, பரிசோதனைக்கு எழுதுவது எல்லாமே அந்த மருத்துவமனையின் நெறிமுறைக்கு உட்பட்டவை. தனியாக க்ளினிக் வைக்கும் உரிமையை இந்தப் பட்டம் தராது.

2017-ம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, நர்ஸ் பிராக்டிஷனர்கள் என்ற பிரிவை உருவாக்க வேண்டும் என்று சொன்னது. 1947-ம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய நர்சிங், மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. படிப்பு வந்த வேகத்தில் அதற்கான பதவிகள் வரவில்லை. எனவே, என்.பி.சி.சி முடித்தவரை அந்தப் பெயரிலேயே, அந்தப் பொறுப்பிலேயே அமர்த்தும் மருத்துவமனை எது என்று சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பட்டம் வாங்கிய பிறகும் பழைய டியூட்டி ரோஸ்டரில் பழைய வரிசையிலேயே பெயர் இருந்தால், இரண்டு வருட உழைப்பின் பலன் நோயாளிக்குக் கிடைக்கும். உங்கள் சம்பளச் சீட்டில் தெரியாது.

இரண்டு வருடம் ஒதுக்க முடியாதவர்களுக்கு

முதுகலை மட்டும்தான் வழி என்றில்லை. தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை, பச்சிளம் குழந்தைகள், புற்றுநோய், சிறுநீரகம், அறுவை அரங்கு போன்ற துறைகளில் ஒரு வருட 'போஸ்ட் பேசிக் டிப்ளோமா' படிப்புகள் உள்ளன. பி.எஸ்சி முடித்தவர்களோடு டி.ஜி.என்.எம் முடித்தவர்களும் சேரலாம் என்பது இவற்றின் பெரிய வசதி.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புற்றுநோய் நர்சிங் தொலைவான விஷயமில்லை. இந்த ஊரில் பிறந்த அண்ணா 1969-ல் புற்றுநோயால்தான் மறைந்தார். அவர் பெயரில் காரப்பேட்டையில் இயங்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனைக்குப் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். சில கீமோதெரபி மருந்துகள் நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் தசையையே புண்ணாக்கிவிடும். அதை முதல் நிமிடத்திலேயே கவனித்து நிறுத்துவதும், அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருப்பதும் தனிப் பயிற்சியில் வரும் திறமை.

பிரசவ வார்டை விரும்புகிறவர்களுக்கு 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி' என்ற 18 மாதப் பயிற்சி இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட மகப்பேறு செவிலியர் வழிகாட்டுதலில் இடம்பெற்ற பயிற்சி இது. சிக்கலில்லாத சுகப்பிரசவங்களை முன்னின்று பார்க்க நர்ஸைத் தயார் செய்வது இதன் நோக்கம். பெயரில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று இருந்தாலும் இது முதுகலைப் பட்டம் அல்ல, டிப்ளோமா. பின்னால் கல்லூரியில் கற்பிக்கப் போகும் எண்ணம் இருந்தால் இந்த வித்தியாசம் முக்கியம்.

டி.ஜி.என்.எம் மட்டும் முடித்தவர்கள் நேரடியாக எம்.எஸ்சி-க்கோ என்.பி.சி.சி-க்கோ போக முடியாது. இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி முடித்துவிட்டு வர வேண்டும். மொத்தம் நான்கு வருடம் என்று மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வெளிநாடுதான் கனவு என்றால்...

இங்கே எம்.எஸ்சியோ என்.பி.சி.சியோ முடித்துவிட்டால் அமெரிக்காவில் நேரடியாக நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிடலாம் என்பது பரவலான தவறான நம்பிக்கை. முதலில் 'என்க்ளெக்ஸ்' தேர்வில் தேறி அங்கே ஆர்.என் ஆக வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் ஆக, அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற முதுகலை அல்லது முனைவர் படிப்பை முடித்து, தேசியச் சான்றிதழ் தேர்வும் எழுத வேண்டும். மயக்கவியல் நர்ஸ் ஆக வேண்டும் என்றால் அங்கே இப்போது முனைவர் பட்டமே நுழைவுத் தகுதி.

பிரிட்டனிலும் நர்ஸாகப் பதிவு செய்ய முதுகலை தேவையில்லை. ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு இவைதான் வேண்டும். உயர்நிலைப் பயிற்சிக்கான முதுகலையை அங்கே வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே வெளிநாடு மட்டும்தான் இலக்கு என்றால், இங்கே இரண்டு வருடம் முதுகலைக்குச் செலவிடுவதைவிட, இடைவெளி இல்லாத ஐ.சி.யூ அனுபவமும் ஆங்கிலத் தேர்வும் உங்களைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அரசு வழியாகப் போக நினைப்பவர்கள் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

ராஜினாமா கடிதத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

1. நான் சேரும் கல்லூரிக்கு, நான் சேரும் பிரிவுக்கு, இந்தக் கல்வியாண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. பிரிவையும் இடங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

2. தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் என் பதிவு நடப்பில் இருக்கிறதா? படித்து முடித்ததும் கூடுதல் தகுதியை அதே கவுன்சிலில் பதிவு செய்வதையும் மறக்காதீர்கள்.

3. அனுபவச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? வார்டின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு கேட்டு அலைவதைவிட, இருக்கும்போதே வாங்கிவிடுவது சுலபம்.

4. பாண்டு உண்டா? இப்போதைய மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டது, புதிய கல்லூரியில் போடப்போவது இரண்டையும் படித்துப் பாருங்கள். அரசுப் பணியில் இருப்பவர்கள் துறை அனுமதி, விடுப்பு, சம்பளம் பற்றி எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்.

5. பணம் எங்கிருந்து வரும்? கல்விக்கடன் நர்சிங் முதுகலைக்கும் உண்டு. வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல் வாங்கலாம். நகையை வைப்பதற்கும் வட்டிக்கு வாங்குவதற்கும் முன்னால் வங்கிக்குப் போய்ப் பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இவ்வளவு படித்தால் மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம்" என்று சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிடாதீர்கள். தறியில் உட்கார்ந்தவருக்குத் தெரியும், தொழில் கற்றுக்கொள்ளும் வருடங்களில் கூலி குறைவுதான். கற்ற பிறகு அந்தக் கை யாருக்கும் கடன்பட்டதில்லை. உங்கள் மகளோ மருமகளோ கேட்கும் இரண்டு வருடமும் அப்படித்தான். எந்தப் படிப்பு, எந்த இடம், முடித்த பிறகு எந்த வேலை என்ற மூன்றுக்கும் அவர் தெளிவாகப் பதில் சொன்னால், தைரியமாக அனுப்பி வையுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றால், அடுத்த அட்மிஷன் வரை வேலையிலேயே இருந்து விசாரிக்கட்டும். ஒரு வருடம் தள்ளிப்போனால் நஷ்டம் பெரிதில்லை, அனுபவம்தான் கூடும்.