ஒரு நாள் ஜிம்முக்குப் போகலையா... அதுக்காக மொத்தமா விட்டுடாதீங்க!

ஜனவரி முதல் வாரத்தில் ஜிம் வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. டிரெட்மில்லுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பொங்கல் லீவு முடிந்து போய்ப் பார்த்தால் பாதிக் கூட்டம்தான் இருக்கும். மார்ச் பிறக்கும்போது பழைய முகங்கள் மட்டுமே மிச்சம். ஒரு வருடத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டியவர்களின் புது ஷூ, செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டில் தூசி படிந்து கிடக்கும்.

இவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா? நிச்சயமாக இல்லை. ஆசையாகத்தான் ஆரம்பித்திருப்பார்கள். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், பிள்ளைக்குப் பரீட்சை என்று இரண்டு நாள் விட்டுப்போயிருக்கும். 'போச்சு... இனி திங்கள்கிழமையிலிருந்து புதுசா ஆரம்பிக்கலாம்' என்று நினைத்திருப்பார்கள். அந்தத் திங்கள்கிழமை மட்டும் வருவதே இல்லை.

இந்தியாவில் 2022-ம் ஆண்டு நிலவரப்படி, பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை என்கிறது 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-ல் வெளியான ஆய்வு. ஆண்களில் 42 சதவிகிதம். பெண்களில் 57 சதவிகிதம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகியவற்றுக்கு இது நேர்வழி என்பதால், விட்டுப்போன அந்த இரண்டு நாளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப் பழகுவது முக்கியம்.

21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?

'21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்' என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகம் நோயாளிகளுக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதாக 1960-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். 'குறைந்தது' என்ற வார்த்தை காலப்போக்கில் காணாமல் போனது. உடற்பயிற்சிக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் இதை முறையாகச் சோதித்தார்கள். 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தை 12 வாரம் கடைப்பிடித்தார்கள். ஒரு பழக்கம் தன்னிச்சையாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. மதியம் பழம் சாப்பிடுவது போன்ற எளிய பழக்கங்களைவிட, உடற்பயிற்சி பழக்கமாகக் கூடுதல் நாள் பிடித்தது.

அதே ஆய்வு சொன்ன இன்னொரு நல்ல செய்தி: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை.

நேரம் எங்கே இருக்கு?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை. அதாவது, தினமும் 30 நிமிடம் என வாரத்தில் ஐந்து நாள். ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதில்லை. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் செய்யலாம்.

'மிதமானது' என்பதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும். ஆனால், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

புதிதாக நேரம் தேடுவதைவிட, தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு பயிற்சியைக் கோத்துவிடுங்கள். பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு அப்படியே 15 நிமிட நடை. குக்கர் விசில் வரும்வரை கிச்சன் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிப் புஷ்-அப். ஆபீஸில் மதியம் சாப்பிட்டதும் மெதுவாக ஒரு சுற்று. இடமும் நேரமும் மாறாமல் இருந்தால், 'இன்னைக்குச் செய்யலாமா, வேண்டாமா' என்ற யோசனையே வராது.

வீட்டு வேலையே போதாதா?

கூட்டுவதும் துடைப்பதும் மூச்சு வாங்க வைத்தால், அதுவும் கணக்கில் சேரும். ஆனால், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி தனியாகத் தேவை. முப்பதுகளுக்குப் பிறகு தசையின் அளவும் வலுவும் மெள்ளக் குறையத் தொடங்கும். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாதது, பஸ் படி ஏறத் தடுமாறுவது எல்லாம் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். வயதான காலத்தில் கீழே விழுந்து எலும்பு முறிவதற்கும் இது ஒரு காரணம்.

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். சுலபமாகிவிட்டால் 12 முறை. பிறகு, கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான் ஜிம்மிலும் நடக்கிறது.

பயிற்சியாளர் என்ன கேட்க வேண்டும்?

ஜிம்மில் சேர்ந்தால், முதல் நாள் பயிற்சியாளர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஆபரேஷன் நடந்திருக்கிறதா, மூட்டுவலி உண்டா, எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள் என்றெல்லாம் விசாரிப்பவர் நல்ல பயிற்சியாளர். எடுத்த எடுப்பில் கனமான எடையைத் தூக்கச் சொன்னாலோ, பவுடர், ஊசி என்று பேச்சை ஆரம்பித்தாலோ யோசியுங்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டிப் பாருங்கள்.

புதிதாகப் பயிற்சி செய்தவர்களுக்கு இரண்டு, மூன்று நாள் தசைவலி இருப்பது இயல்பு. பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் ஏற்பட்டால் உடனே நிறுத்துங்கள். மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள். கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுத்துப் போனாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் இன்சுலின் போடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குவது நல்லது.

விட்டுப்போன நாளுக்கு மறுநாள்...

எப்படியும் ஒரு நாள் விட்டுப்போகும். மழை பெய்யும், விருந்தாளி வருவார்கள், உடம்பு முடியாமல் போகும். மறுநாள் அதற்கும் சேர்த்து இரண்டு மடங்கு செய்ய வேண்டாம். உடம்பு வலித்து மூன்றாவது நாளும் போய்விடும். பத்து நிமிடம் நடந்தால்கூடப் போதும், தொடர்ச்சி அறுந்துபோகாது. காய்ச்சலில் படுத்திருந்தால், முழுதாகக் குணமான பிறகு பாதி அளவில் தொடங்குங்கள்.

ஷூவை ஸ்டாண்டின் அடித்தட்டிலிருந்து எடுத்து வாசல் பக்கம் வையுங்கள். இன்று புதன்கிழமையாக இருந்தாலும் பரவாயில்லை. திங்கள்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்.