கட்டிலில் இருந்து கிணற்றடி வரை

வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த பன்னிரண்டாம் நாள் வைத்தியசாலையில் துண்டு வெட்டினார்கள். ஒரு பை மருந்து, கிளினிக் கொப்பி, அடுத்த தவணைத் திகதி, இவ்வளவோடு வீட்டுக்கு வந்தோம். வாசலில் எத்தனை படி, கக்கூஸ் எங்கே இருக்கிறது, எந்த உயரக் கட்டிலில் படுப்பார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கற்பிட்டிப் பக்கத்து வீடுகள் பலவற்றைப் போல எங்கள் வீட்டிலும் கக்கூஸ் வளவின் பின்கோடியில், கிணற்றடியையும் தாண்டி இருந்தது. கட்டிலில் இருந்து அங்கே போக முப்பத்தெட்டு எட்டு. அதில் ஒரு நிலைப்படி, இரண்டு படிகள், மீதியெல்லாம் மணல். வந்த மூன்றாம் இரவு, எங்களை எழுப்ப மனமில்லாமல் தனியே எழும்பிப் போன வாப்பா படியடியில் விழுந்து கிடந்தார். எலும்பு முறியாதது எங்கள் நல்ல காலம். மறுநாள் காலையில்தான் அளவு நாடாவை எடுத்து வீட்டை அளக்கத் தொடங்கினேன். வைத்தியசாலையில் இருந்த பன்னிரண்டு நாளில் செய்திருக்க வேண்டிய வேலை அது.

மணலும் படியும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் நோயாளியின் முதல் எதிரி மணல். பொல்லு புதைகிறது. வாக்கரின் நான்கு காலும் நான்கு விதமாக இறங்குகின்றன. சக்கர நாற்காலி என்றால் அதன் முன்பக்கச் சின்னச் சில்லுகள் இரண்டு அடி போவதற்குள் இறுகிவிடும். தள்ளுகிறவர் பலமாகத் தள்ளினால் இருப்பவர் முன்னால் விழுவார். ஆகவே சாமான் வாங்குவதற்கு முன் பாதையைப் போடுங்கள். மூன்றடி அகலத்துக்கு மணலை நன்றாக இறுக்கி, மூன்று நான்கு அங்குலக் கனத்தில் கொங்கிரீட் போட்டால் போதும். அதற்கு வசதியில்லாவிட்டால் சீமெந்துக் கற்களை இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பதிக்கலாம். ஒரு கல் அரை அங்குலம் தூக்கி நின்றாலும் இழுத்து நடக்கிற கால் அதில் தட்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மாரி வெள்ளத்துக்குப் பயந்து நாம் அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுகிறோம். அந்த உயரம் இப்போது படியாக வந்து நிற்கிறது. சாய்தளத்துக்குப் பரவலாக ஒத்துக்கொண்ட கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். வாசல் பதினெட்டு அங்குலம் உயர்ந்திருந்தால் பதினெட்டு அடி வேண்டும். இடமில்லை என்று மேசன் எட்டு அடியில் முடித்துத் தருவார். அது சறுக்குப் பலகை. நேராகப் போட இடமில்லை என்றால் நடுவில் ஐந்தடிச் சமதளம் விட்டு, திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். ஈரம் காய முன் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துவிட்டால் மழையிலும் வழுக்காது.

நடக்கக்கூடியவருக்குச் சாய்தளத்தை விடக் கைப்பிடி வைத்த தாழ்ந்த படிகள் சில வேளை நல்லது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். பொல்லு நல்ல பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடியும் இடமே பொல்லின் பிடிக்குச் சரியான உயரம். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பொல்லை அப்படியே கொடுக்காமல் இந்த அளவைப் பாருங்கள்.

கக்கூஸ்

குந்தும் கக்கூஸ் பாரிசவாதம் வந்தவருக்கும் இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்தவருக்கும் ஆகாது. ஊரில் எல்லோரும் செய்வது, பிளாஸ்டிக் கதிரையின் நடுவை வெட்டிக் குழியின் மேல் வைப்பது. அவசரத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம். வெட்டியதும் அந்தக் கதிரையின் பலம் போய்விடுகிறது. நனைந்த தரையில் கால்கள் விரிகின்றன. வெட்டிய விளிம்பு தொடையைக் கீறுகிறது. நீரிழிவு உள்ளவருக்கு அந்தக் கீறல் ஆறாத புண்ணாகும். தச்சனிடம் சொல்லிக் கைப்பிடியோடு பலகைக் கதிரை ஒன்று செய்வித்து, விளிம்பை உருட்டி வழவழப்பாக்குவது எவ்வளவோ மேல். இருக்கை பதினேழு முதல் பத்தொன்பது அங்குல உயரத்தில் இருக்கட்டும். அதில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும்.

பிடித்து எழும்பக் குழாய் வேண்டும். அதில்தான் நம் ஊர்க் கடற்காற்று விளையாடும். சாதாரண இரும்புக் குழாய் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். வெளியில் பெயின்ட் அழகாக இருக்கும். உள்ளே ஆணி இற்றுப் போயிருக்கும். துத்தநாகம் பூசிய குழாயோ துருப்பிடிக்காத உருக்கோ போடுங்கள், மாதம் ஒரு முறை முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். பொள்ளல் கல்லில் கட்டிய சுவரில் சாதாரண ஸ்குரூ நிற்காது. சுவரைத் துளைத்து மறுபுறம் தகடு வைத்து முடுக்க வேண்டும். கிடுகோ தகரமோ அடைத்த கக்கூஸ் என்றால் சுவரை நம்பவே வேண்டாம். தரையில் இரண்டடி ஆழம் தோண்டி, கொங்கிரீட்டில் தூண் நட்டு, அதில் குழாயைப் பூட்டுங்கள். துவாய் போடுகிற கம்பியைப் பிடித்து எழும்ப எவரையும் விடாதீர்கள்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவோடு கிடந்தால் உட்பக்கமாகத் திறக்கிற கதவைத் தள்ள முடியாது.

கிணற்றடி

குளிப்பு நமக்குக் கிணற்றடியில்தான். கயிற்றில் வாளி இழுக்க இரண்டு கையும் வேண்டும். குனியும்போது தலை சுற்றும். ஒரு பீப்பாயை உயர்த்தி வைத்து, இருந்த நிலையில் கைக்கு எட்டும் உயரத்தில் பைப் பூட்டினால் பாதிச் சிரமம் தீரும். குளிக்கும் கதிரையின் கால்களுக்கு றப்பர் மூடி போடுங்கள். பாசி பிடித்த சீமெந்தை வாரா வாரம் தேய்த்துக் கழுவுங்கள். வாசலில் கால் துடைக்கப் போட்டிருக்கும் சாக்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். காலில் சுருண்டு ஆளை விழுத்துவது அதுதான்.

இரவில் கட்டிலில் இருந்து கக்கூஸ் வரை வெளிச்சம் வேண்டும். வாப்பா விழுந்த இடத்தில் இப்போது ஒரு பல்ப் எரிகிறது. படி விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் இழுத்திருக்கிறோம்.

அன்பால் செய்யும் கெடுதி

வாப்பா வந்த முதல் வாரம் நாங்கள் அவரை அசைய விடவில்லை. உம்மா சோறு ஊட்டினார். நான் தூக்கி இருத்தினேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் படுத்திருக்கச் சொன்னார்கள். கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் அதைக் கேட்டதும் எங்களைத்தான் ஏசினார். பாரிசவாதத்தில் மூளையின் ஒரு பகுதி கெட்டுப் போனாலும், அந்த வேலையை மற்றப் பகுதிகள் பழக முடியும். அந்தப் பழக்கம் முக்கியமாக ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன் பிறகும் நின்றுவிடாது. நாமே எல்லாவற்றையும் செய்து கொடுத்தால் அந்த நாட்களை அவரிடமிருந்து பறிக்கிறோம்.

அதனால் சாமான்களை எங்கே வைப்பது என்ற எங்கள் யோசனையே மாறியது. தொழுகைக்கு வுழூ எடுக்கப் பைப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க நினைத்திருந்தோம். அதை விறாந்தையின் மறுகோடியில் பூட்டி, சுவரோரம் கைப்பிடிக் குழாய் போட்டோம். கட்டிலில் இருந்து பன்னிரண்டு எட்டு. ஒரு நாளைக்கு ஐந்து வக்து, ஐந்து முறை எழும்பி, நடந்து, கழுவி, கதிரையில் இருந்து தொழுதார். எந்த உடற்பயிற்சித் தாளாலும் அவரை அத்தனை முறை எழுப்பியிருக்க முடியாது. முதல் நாள் நான் அக்குளில் கை கொடுத்தபோது, “தூக்காதே மகன், பக்கத்துல நில்லு, போதும்” என்றார்.

தூக்கும்போது ஓர் எச்சரிக்கை. பலவீனமான பக்கத்துக் கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். தோள் மூட்டு விலகும். இடுப்பில் அகலமான பட்டி கட்டி அதைப் பிடியுங்கள்.

கைக்கும் வாப்பாவுக்குப் பழகிய வேலையையே கொடுத்தோம்: விறாந்தைத் தூணில் ஓர் ஆணி அடித்து அதில் கிழிந்த மீன்வலையை மாட்டிவிட்டோம். பலவீனமான வலது கை வலையை அமர்த்திப் பிடிக்க, இடது கையால் ஊசி போட்டார். முதல் வாரம் ஒரு நாளைக்கு நாலைந்து கண்தான். முடிச்சுகள் கோணல். உம்மா அவற்றைப் பிரிக்க விடவில்லை. குசினியில் வேலை செய்து பழகிய பெண்ணுக்கும் இதே வழிதான். வெங்காயம் வெட்டும் பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டைக் கீழிருந்து மேலாக அடித்துவிட்டால் வெங்காயம் அதில் குத்தி நிற்கும். ஒரு கையால் வெட்டலாம்.

உணர்வில்லாத கால்கள்

தென்னையில் இருந்து விழுந்தவர்களும், கடலட்டைக்கும் சங்குக்கும் ஆழத்தில் மூழ்கி வேகமாக மேலே வந்தவர்களும் நம் கரையில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இருக்கிறார்கள். வேகமாக ஏறும்போது இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழாகி முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கும். இவர்களுக்கு வீட்டில் பெரிய ஆபத்து படுக்கைப் புண். படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை கையூன்றி உடலை உயர்த்த வேண்டும். உச்சி வெயிலில் நம் மணல் சுடுவதை அந்தக் கால்கள் அறியாது. நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கும் அப்படியே. செருப்பில்லாமல் வளவுக்கு விடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவருக்கு முழங்காலின் கீழ் தலையணை வைக்க வேண்டாம். முழங்கால் மடிந்தபடியே இறுகிவிட்டால் பிறகு செயற்கைக் கால் பொருத்துவது கஷ்டம்.

நீண்ட காலப் பயிற்சி தேவைப்படுகிறவர்களுக்கு ராகமவில் அரசாங்கத்தின் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. புத்தளம் ரயில் பாதை பிரிவதே ராகம சந்தியில்தான். கிளினிக் வைத்தியரிடம் கடிதம் கேளுங்கள்.

துண்டு வெட்ட முன்

மாற்றுத்திறனாளிகளுக்காக 2006ஆம் ஆண்டு வந்த ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் சாய்தளமும் கைப்பிடியும் வேண்டும் என்கின்றன. வீட்டுக்குள் அதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். ஆனால் தனியே செய்ய வேண்டியதில்லை. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். சக்கர நாற்காலி, வாக்கர் போன்றவற்றுக்கு வைத்தியரின் கடிதத்தோடு அவரிடம் விண்ணப்பிக்கலாம். கிராம உத்தியோகத்தர் வழி சொல்வார்.

உங்கள் வீட்டு ஆள் இன்று வார்டில் இருந்தால், கட்டில், வாசல்படி, கக்கூஸ், கிணற்றடி நான்கையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் அகலத்தையும் படியின் உயரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். துண்டு வெட்டுவதற்கு முன் அந்தப் படங்களைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, எங்கே குழாய் போடுவது, எந்தக் கதிரை சரி என்று கேளுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.