உளுந்தின் 22 இழைகள்

உளுந்து பயிரிடுவோருக்கு மஞ்சள் தேமல் நோயைப்பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. வெள்ளை ஈ பரப்பும் இந்நோய் இளம்பயிரைப் பற்றிவிட்டால், விதைக்குச் செலவிட்ட பணம் திரும்புவதும் அரிது. நோயைத் தாங்கும் உறவுப் பயிர் ஒன்றுடன் உளுந்தைக் கலப்புச் செய்து அக்குணத்தைப் பெறலாகாதா என்று சங்க அங்கத்தினர் கேட்பது நியாயமே. அதற்குரிய விடை, செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள குரோமோஸோம் என்னும் நுண்ணிழைகளில் அடங்கியிருக்கிறது.

செடியின் குணங்களை வித்துக்கு வித்து கொண்டுசெல்பவை இவ்விழைகளே. உளுந்துக்கு 22 இழைகள். தாய்ப்பூவிலிருந்து 11, மகரந்தத்திலிருந்து 11. முளைவிட்ட வித்தின் வேர்நுனியைச் சாராயம் மூன்று பங்கும் அஸெடிக் அமிலம் ஒரு பங்கும் சேர்ந்த திரவத்தில் ஊறவிட்டு, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பூதக்கண்ணாடியில் நோக்கினால் இவற்றை எண்ணலாம். எண்ணுவது எளிதன்று. வெங்காயத்தின் பெரிய இழைகளைக் கண்டு பழகியவருக்கு உளுந்தின் இழைகள் வெறும் புள்ளிகளாகவே தோன்றும்.

இத்துறையில் சென்னைக்கும் பங்குண்டு. மயிலாப்பூர்க் கடற்கரையை அடுத்த ராணி மேரி கல்லூரியிற் பயின்ற ஸ்ரீமதி ஜானகி அம்மாள், ஆங்கிலேய விஞ்ஞானி டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோஸோம் எண்ணிக்கைகளைத் திரட்டி 1945-ல் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1984-ல் காலமாகும்வரை மதுரவாயலில் இருந்த சென்னைச் சர்வகலாசாலை ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்தார்.

எண்ணிக்கை மட்டும் போதாது. பச்சைப்பயற்றுக்கும் 22 இழைகளே. ஆயினும் உளுந்தைத் தாயாகக் கொண்டு பயற்றின் மகரந்தத்தை இட்டால் பெரும்பாலும் வித்துக் கிட்டுவதில்லை. பயற்றைத் தாயாக்கினால் வித்துக் கிடைக்கக்கூடும். ஆனால் அதில் விளையும் செடியின் மகரந்தத்திற் பெரும்பகுதி மலடு. இரு கணக்குப் புஸ்தகங்களில் பக்கங்கள் சமமாயிருந்தும், சில பக்கங்கள் இடம்மாறித் தைக்கப்பட்டிருந்தால் வரவும் செலவும் ஒத்துவருமா? அவ்வாறே இவ்விரு பயிர்களிலும் இழைத்துண்டுகள் சில முற்காலத்திலேயே இடம்மாறியுள்ளன. மகரந்தம் உண்டாகும்போது இணைகள் சரிவரப் பொருந்தாமல், பங்கீடு கெடுகிறது.

ஆகையால் ஆராய்ச்சியாளர் மிக நெருங்கிய உறவான காட்டு உளுந்தை நாடினர். அதன் இழைகள் நாட்டு உளுந்தின் இழைகளோடு நன்கு பொருந்துகின்றன. புதுக்கோட்டை ஜில்லா வம்பன் பயறுவகை ஆராய்ச்சி நிலையத்தின் வம்பன் 6 இத்தகைய கலப்பிற் பிறந்ததே. உளுந்துப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், களத்தில் வேறு ரகம் கலவாமற் காத்த வித்து அடுத்த போகத்திலும் அக்குணத்தோடு முளைக்கும்.