மினாராவும் கொடியும்



கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக, ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேற்று விழா நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். கொடி மினாராவில் ஏறுகிறது, 12 நாட்கள் கடற்காற்றில் பறக்கிறது, பின்னர் இறக்கப்படுகிறது. மினாராவோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த எளிய உண்மையை மனத்திற் கொண்டால் இன்றைய பேச்சின் பொருள் தெளிவாகிவிடும்.

விழாவைக் கண்டு திரும்பிய சிறுவன் ஒருவன், ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் விளையாட்டுக் கற்களைக் கொண்டு அதே மினாராவை வீட்டுத் திண்ணையிற் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுக்குகள் உறுதியாக எழும்பிவிடுகின்றன. ஆனால் உச்சிப் பிறையும், சுவரிற் பதித்த சிறு பூவும், கொடியும் கைபட்டதும் உதிர்கின்றன. பசை போட்டு ஒட்டித் தருமாறு தன் காக்காவிடம் கேட்கிறான். பசையைத் தொடுவதற்கு முன் அந்தக் காக்கா சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இக்கற்கள் எவ்வாறு ஒன்றையொன்று பற்றுகின்றன? 1947ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் இவ்வகைக் கற்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1949இல் டென்மார்க்கின் லெகோ நிறுவனமும் அவற்றைப் போன்றவற்றைச் செய்யத் தொடங்கியது. அக்காலக் கற்களின் அடிப்புறம் வெறும் குடைவாகவே இருந்தமையால் பிடிப்புப் போதவில்லை. 1958 ஜனவரி 28ஆம் திகதி அந்நிறுவனம் காப்புரிமை கோரிய புதிய அமைப்பில், கல்லின் உட்புறத்தில் குழல்கள் சேர்க்கப்பட்டன. கீழ்க்கல்லின் மேலுள்ள குமிழ், மேற்கல்லின் சுவருக்கும் குழலுக்கும் இடையே இறுகி நிற்கிறது. பிளாஸ்டிக் மிகச் சிறிதளவு வளைந்து கொடுத்து, மீண்டும் பழைய நிலைக்கு வர முயல்கிறது. அந்த முயற்சியே பிடிப்பு. பன்பாயில் இழையை இழையே பிடித்து நிற்பது போல, இங்கும் பசைக்கு வேலையில்லை.

இனி, அலங்காரத் துண்டுகளுக்கு வருவோம். ஒற்றைக் குமிழில் நிற்கும் துண்டு சுழலும். சன்னற் சட்டத்துக்கு அது குறை. பிறைக்கோ அதுவே வசதி, விரும்பிய திசைக்குத் திருப்பிக்கொள்ளலாம். சுழலக் கூடாத துண்டை இரண்டு குமிழ்களில் இருத்த வேண்டும்.

சுவரிற் பூவைப் பதிக்கப் பக்கவாட்டில் குமிழுள்ள கற்கள் உண்டு. இங்கே சிறிது கணக்கு வேண்டும். குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீற்றர். மெல்லிய தட்டு ஒன்றின் உயரம் 3.2 மில்லிமீற்றர். ஆகவே ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16 மில்லிமீற்றர். அது இரண்டு குமிழ்களின் அகலத்துக்குச் சமம். இந்தக் கணக்கை அறிந்தவன் பக்கவாட்டில் திருப்பிய துண்டையும் இடைவெளியின்றிப் பொருத்திவிடுவான்.

கொடிக்கு உரியது கவ்வியும் தண்டும். ஏறக்குறைய 3.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள தண்டைக் கவ்வி பிடித்துக்கொள்ளும். அதே தண்டு, நடுவே துளையுள்ள குமிழிலும் இறங்கி நிற்கும். ஆனால் கொடி நீண்டால், நுனியில் விரல் படுவதே அடியில் நெம்புகோலாகிப் பிடிப்பை விடுவிக்கும். அதற்குப் பரிகாரம் தண்டைக் குறுக்குவது. அல்லது மேலும் கீழுமாக இரண்டு கவ்விகளால் பிடிப்பது.

பசையிட்டால் என்ன கேடு? ஒட்டிய துண்டு அந்த ஓரிடத்துக்கே அடிமையாகிவிடும். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசையானால், குமிழின் நுண்ணிய அளவும் கெட்டுவிடும். 1958இன் அளவுக்கமைந்த கல் இன்றைய கல்லோடும் பொருந்துகிறது. அத்தனை ஆண்டுகள் காக்கப்பட்ட பொருத்தத்தை ஒரு துளி பசை ஒரே நாளில் முடித்துவிடும். வேறோர் ஆபத்தும் உண்டு. கழன்று கொடுக்காத கொடியில் கைபட்டால், அந்த வேகம் முழுவதும் மினாராவுக்கே போய்ச் சேரும். கொடி கழன்றால் மீண்டும் செருகலாம். மினாரா சரிந்தால் அடியிலிருந்து கட்ட வேண்டும்.

கடற்கரை வீட்டுப் பெற்றோருக்கு இரண்டு வார்த்தைகள். கற்களில் ஒட்டிய கடல் மணலைக் கழுவிய பின்னரே பொருத்தச் செய்யுங்கள். மணல் குமிழைத் தேய்க்கும். கொதிநீர் வேண்டாம், அது கல்லின் வடிவைக் கெடுக்கும். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு எட்டும் இடத்தில் இச்சிறு துண்டுகளை வைக்கவே வேண்டாம். அவை தொண்டையில் அடைத்து உயிருக்கே ஊறு செய்யும்.

ஆகவே அந்தக் காக்கா பசையைத் தேட வேண்டியதில்லை. தம்பியின் கையில் ஒரு கவ்வியைக் கொடுத்து, பொருத்தும் முறையைக் காட்டினாற் போதும். பன்னிரண்டாம் நாள் அவனே கொடியை இறக்குவான். அடுத்த ஆண்டு அவனே ஏற்றுவான்.