வினாப் பட்டியலுடன் வருவோர் யார்?

குறுவை நெல் கொள்முதல் நிலையத்தில் குவிந்திருக்கும் வேளையில், அச்சிட்ட வினாப் பட்டியலுடன் இருவர் ஊருக்குள் வருகின்றனர். சாகுபடி எத்தனை மா, குத்தகை எவ்வளவு, கடன் யாரிடம் என்று வினவுகின்றனர். வரி விதிக்க வந்தவர்களோ என அஞ்சி, நம்மவர்கள் விளைச்சலைக் குறைத்தும் குத்தகையை மறைத்தும் விடையளித்து விடுகின்றனர். நமது வட்டாரத்திலும் இதனைக் கண்டுள்ளோம். ஆகவே, இவர்கள் யார், இவர்களது பணி யாது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்ளுதல் நலம்.

இத்தகையோரை அனுப்பும் நிலையங்களுள் ஒன்று சென்னை அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். இதனை 1971-ஆம் ஆண்டில் நிறுவியவர் டாக்டர் மால்கம் ஆதிசேஷையா. வேலூரில் பிறந்த இப்பொருளாதார அறிஞர், யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றித் தாயகம் திரும்பியவர். பின்னர் இயக்குநராக விளங்கிய சி. டி. குரியன், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். எஸ். குகன், ஐ.ஏ.எஸ். அதிகாரியாகித் தமிழக அரசின் நிதிச் செயலாளராக இருந்தவர். பேராசிரியர் எஸ். ஜனகராஜன் நீர்ப்பாசன ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். கல்லூரியிலிருந்து ஒருவரும், கோட்டையிலிருந்து ஒருவரும், உலக மன்றத்திலிருந்து ஒருவருமாக இங்குச் சேர்ந்தமையால், ஒரே பிரச்சினையைப் பல கோணங்களில் ஆராய இயன்றது.

இத்தகைய நிலையத்தில் வேலைகள் பிரிந்துள்ளன. இயக்குநர் நிர்வாகத்தைக் கவனிக்கிறார். பேராசிரியர்கள் ஆராய வேண்டிய வினாவை வகுக்கின்றனர். களப் பணியாளரும் ஆராய்ச்சி மாணவரும் வீடுவீடாகச் சென்று விவரம் சேகரிக்கின்றனர். நூலகமும் கணக்குப் பிரிவும் இவர்களுக்குத் துணை நிற்கின்றன. நம் வாசலுக்கு வருபவர் பெரும்பாலும் களப் பணியாளரே. அவர் கடன் வழங்குபவருமல்லர்; வரி விதிப்பவருமல்லர். ஆராய்ச்சியாளர் எழுதுவர், முடிவு செய்வது அரசு.

எழுதுவதால் பயன் என்ன என்று கேட்கலாம். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயச் செய்தார். அவற்றுள் ஒன்று அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி. அவ்வாராய்ச்சி 1918-இல் நூலாயிற்று. அதே ஊரைக் குகன் மீண்டும் ஆராய்ந்து 1983-இல் அறிக்கை எழுதினார். முன்னவர் எழுதி வைத்திராவிடில், அறுபதாண்டுகளில் நிலமும் கூலியும் எவ்வாறு மாறின என்பதை ஒப்பிட வழியேது?

காவிரி நீர்ப் பிரச்சினையிலும் இந்நிறுவனத்திற்குப் பங்குண்டு. இணக்க வழியை வற்புறுத்திக் குகன் 1993-இல் ஒரு நூல் எழுதினார். 2003-இல், ஜனகராஜன் முதலியோரின் முயற்சியால், கர்நாடக விவசாயிகளும் நமது டெல்டா விவசாயிகளும் ஒன்றாக அமர்ந்து பேசிய ‘காவிரிக் குடும்பம்’ உருவாயிற்று. வழக்கு அங்கே தீர்ந்துவிடவில்லை. நடுவர் மன்றம் 2007-இலும் உச்ச நீதிமன்றம் 2018-இலும் தீர்ப்பளித்தன. எனினும், ஒருவர் வயலை மற்றவர் நேரில் காண அம்முயற்சி இடமளித்தது. ஆராய்ச்சி நிலையத்தின் ஆற்றலும் எல்லையும் இதனால் விளங்கும்.

பொய் விவரத்தால் நட்டம் நமக்கே. உழுபவர் குத்தகைதாரராயிருக்க, பட்டாதாரரே சாகுபடி செய்வதாகச் சொன்னால், அறிக்கையில் குத்தகைதாரர் இல்லாதவராகிறார். அவ்வறிக்கையைக் கொண்டு வெள்ள நிவாரணமோ பயிர்க் காப்பீடோ திட்டமிடப்படும்போது, அவர் மீண்டும் மறக்கப்படுவார்.

எனவே ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும் பின்வருமாறு செய்வார்களாக. வருபவரிடம் நிறுவனத்தின் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். ஆராய்ச்சியின் நோக்கத்தையும் விவரம் எங்குச் செல்லும் என்பதையும் வினவுங்கள். விருப்பமில்லாத வினாவிற்கு விடை மறுக்கலாம். ஆனால் சொல்வதை உண்மையாகச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கின் ரகசிய எண் எந்த ஆராய்ச்சிக்கும் தேவையில்லை; கேட்டால் கொடாதீர்கள். இறுதியாக, முடிந்த அறிக்கையின் படியொன்றைக் கேட்டுப் பெற்று, அக்டோபர் 2 போன்ற நாளில் கூடும் கிராம சபையில் தமிழில் படித்துக் காட்டச் செய்யுங்கள். நம்மைப் பற்றி எழுதப்பட்டது நமக்குத் தெரிந்தாலன்றி, அதில் பிழையிருப்பின் திருத்துவது யார்?